இடது ஹப் சத்தமும் இருளாண்டி சொன்னதும்

மற்றவர்களுக்கெல்லாம் காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவும் ஆவி பறக்கும் காப்பி டம்ளரும் வருகின்றன. எனக்கு வருவது கரகரச் சத்தம். ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரண்டாம் நாளே, நான் வேலை பார்த்த அருப்புக்கோட்டை சர்வீஸ் சென்டரின் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு ஒலிப்பதிவை அனுப்பிவிட்டு, "அண்ணே, இது என்ன சத்தம்னு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன. என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, "யாரு வீட்டு மிக்ஸி இப்பிடிக் கத்துது?" என்கிறாள்.

நான் பதில் எழுதினால் உடனே கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் பொம்மை நாலு வந்து விழும். "ஹப்பைக் கழற்றாதே, முதலில் பானட்டைத் திற" என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன், அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முப்பத்தோரு வருஷம் நக்கல் பேசியே பேர் வாங்கியவனுக்கு இது தேவைதான்.

போன மாதம் புது சர்வீஸ் மேனேஜர் போன் செய்தார். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர். ஆயில் எந்தப் பக்கம் ஊற்றுவார்கள் என்று தெரியாவிட்டாலும் ஆயிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். "சார், நாலு வீல் ஹப்பு சத்தத்தப் பத்தி உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, குரூப்ல போடுவோம். டிப்ஸ் மாதிரி, சுருக்கமா" என்றார். சுருக்கமாக எழுதி ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அதனால் இந்த முறை நீட்டித்தான் எழுதப் போகிறேன். மேனேஜர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் நாலு வீலும் இழுக்கிற பிக்கப்பை வாங்குபவர்களில் பாதிப் பேர் அதைக் கல்யாண மண்டப வாசலில் நிறுத்துவதற்காக வாங்குகிறார்கள். அவர்களால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மீதிப் பேர் நிஜமாகவே காட்டுக்குள் போகிறவர்கள். திருச்சுழி பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்களே, அந்தக் கரி மூட்டையை ஏற்றப் போகிற வண்டிகள். அங்கே கிடப்பது கரிசல். வெயில் காலத்தில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். பின் வீல் மட்டும் இழுக்கிற வண்டி அதில் இறங்கினால் டிராக்டர் வந்துதான் தூக்க வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வண்டியில் முன் வீல்கள் சாதாரணமாகச் சும்மாதான் உருளும். முன் ஹப்புக்குள், அதாவது வீலின் நடுக்குடத்துக்குள், பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது. அது நகர்ந்து அச்சின் பல்லோடு பொருந்தினால் முன் வீலும் இழுக்கும், விலகினால் சும்மா உருளும். நான் சொல்லப் போகிற மாடலில், இன்ஜினோடு ஓடுகிற ஒரு சின்ன பம்ப் மெல்லிய ரப்பர் பைப் வழியாகக் காற்றை உறிஞ்சி, வளையத்தை விலக்கியே பிடித்திருக்கும். டிரைவர் நாலு வீல் குமிழைத் திருப்பினால் உறிஞ்சல் நின்று, ஸ்பிரிங் வளையத்தைத் தள்ளிப் பொருத்தும். உறிஞ்சல் அரைகுறையாகிவிட்டால் வளையம் சேரவும் சேராது, விலகவும் விலகாது. பல்லும் பல்லும் உரசிக்கொண்டே ஓடும். அதுதான் நீங்கள் அனுப்பி வைக்கிற கரகர.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. முடித்து வந்து முதல் நாலு வருஷம் வீலைக் கழுவினேன். அடுத்த நாலு வருஷம் கழற்றினேன். அதற்குப் பிறகு அடுத்தவன் கழற்றியதைக் குறை சொல்லத் தொடங்கினேன், ஹெட் மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் போர்மேன் தேவசகாயம் சார். பட்டறைக்குள் வெள்ளைச் சட்டையோடு வந்து, வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்குப் போகிற ஒரே மனிதர். கையில் முழ நீளத்துக்கு மரப்பிடி போட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். அதன் நுனியை ஓடுகிற இன்ஜினில் ஒற்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வருகிற வரைக்கும் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. எங்களைத் "தம்பி" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடி "ஐயா" ஆகிவிடும். அவர் என்னை "ஐயா" என்று கூப்பிட்டால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது.

ஜாப் கார்டு எழுதுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "வண்டியக் கொண்டாந்தவன் என்ன சொல்றானோ, அத அப்படியே எழுது தம்பி. உனக்குப் புரிஞ்சத எழுதாத. அவன் பத்து வார்த்தை சொன்னா பத்தையும் எழுது" என்பார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "வண்டி மாடு மாதிரி முரண்டு பிடிக்குது" என்று ஒருவர் சொன்னால், அதையும் எழுத வேண்டுமாம். கார்டில் அதற்கு இருப்பது இரண்டு விரல் அகல இடம். நாங்கள் சார் பார்க்கிறபோது பத்து வார்த்தை எழுதுவோம், பார்க்காதபோது மூன்று.

இன்னொரு சட்டமும் அவர் போட்டதுதான். பாலவனத்தத்திலிருந்து ஒரு லோடு வேன் பிரேக் வேலைக்கு வந்தது. முன் பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் காய்ந்து சுக்காகத் தொங்கியது. கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எங்கள் ஆள் ஒருவன் அதை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டான். போன வேன் மூன்றாம் நாள் ஒரு பனைமரத்தில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை, மரத்துக்குக்கூட. ஆனால் வேன்காரர் குடும்பத்தோடு வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சார் சொன்னார். "பிரேக்கு நல்லாத்தான் இருக்கு, பழத்தக் குடுங்க" என்றார் அவர். பழத்துக்கு நாங்கள் எங்கே போவது? அன்றைக்கு மாலையே "சாமிப் பொருட்களில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று ஒரு பலகை தொங்கியது. சாமிக்குப் பயந்தோமோ இல்லையோ, எலுமிச்சம்பழத்துக்கு நன்றாகவே பயந்தோம்.

இனி இருளாண்டிக்கு வருகிறேன்.

எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்தில் பெருமாள்சாமி என்று ஒரு முதலாளி. சொந்த நிலம் நிறைய, அதோடு கரி வியாபாரம். நாலு வீல் பிக்கப்பை ஆசையாக வாங்கினார். அதை ஓட்டியவர் இருளாண்டி. அவருடைய அப்பா அதே முதலாளி காட்டில் கூலிக்கு நின்றவர். இருளாண்டி லோடுமேனாகத் தொடங்கி, தானாகவே வண்டி பழகி, லைசென்ஸ் வாங்கி, ஸ்டீரிங்கைப் பிடித்தார். தன் வீட்டிலேயே ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள். சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். கரி வண்டியில் வெள்ளைத் துண்டு.

அந்த வருஷம் மழைக்கு முன்பே வண்டி வந்தது. நான் எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டீ மாஸ்டர், எங்கள் ஆட்கள் இரண்டு பேர், ஒரு லாரி டிரைவர், எல்லோரும் இருந்தார்கள். இருளாண்டி அங்கேயே வந்துவிட்டார்.

"அண்ணே, எடது முன் வீலுல கரகரன்னு சத்தம் வருதுண்ணே. நாலு வீல் போடாம தார் ரோட்டுல போனாலும் வருது. மொதலாளி வண்டியோட கொலசாமி கோயிலுக்குப் போயிட்டு வந்தாக பாருங்க, அந்த வெள்ளிக்கெழமையில இருந்துதான் வருது. அதுக்கு முன்னால ஒரு பொட்டுச் சத்தம் கெடையாதுண்ணே."

எவ்வளவு சுத்தமான தகவல் பாருங்கள். எந்த வீல், எப்போது, எந்த நாளிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது. இன்றைக்கு லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாலும் இவ்வளவு தெளிவாக வராது. நான் என்ன செய்தேன்?

"அப்ப இது ஹப்பு கோளாறு இல்லப்பா, சாமி குத்தம். இங்க எதுக்குக் கொண்டாந்த? பூசாரிகிட்டக் கொண்டு போயி வீலுக்குத் துன்னூறு போடச் சொல்லு" என்றேன்.

டீக்கடையே சிரித்தது. டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. இருளாண்டியும் கொஞ்சம் சிரித்தார். நாலு பேர் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்க முடியாதல்லவா. ஒரு வாரம் இந்தப் பேச்சு எங்கள் பட்டறையில் ஓடியது. எந்த வண்டி வந்தாலும் "பூசாரிகிட்டக் காட்டியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தோம்.

கார்டில் நான் எழுதியது: "இ.மு. வீல் சத்தம்." மூன்று வார்த்தை. சார் வாங்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதான் சொன்னானா தம்பி?"

"இவ்வளவுதான் சார்."

ஜாக்கி கொடுத்து வீலைக் கழற்றினேன். ஹப் மூடியைத் திறந்து, பூட்டு வளையத்தை எடுத்து, பல் வளையத்தை வெளியே இழுத்தேன். பல்லின் நுனி மட்டும் மழுங்கியிருந்தது. பேரிங் நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது ரப்பர் சீல் போட்டு, மெல்லிய கிரீஸை விரல் நுனியால் தடவி மாட்டினேன். இங்கே கெட்டி கிரீஸை அப்பினால் வளையம் ஒட்டிக்கொண்டு நகராது. கையை நிறைத்து அப்புகிற பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். மாட்டிய பிறகு இன்ஜினை ஓட விட்டு வைத்துக்கொண்டு, பிரேக், பெல்ட் எல்லாம் பார்த்தேன். இன்ஜின் ஆயில் குறைந்திருந்தது, பானட்டைத் திறந்து ஊற்றினேன்.

அப்போது பார்த்தேன். உள்ளே இடது பக்கம், கனமான கறுப்புக் கயிறு ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சில் ஒரு படிகாரக் கட்டி தொங்கியது. திருஷ்டிக் கயிறு. வெளியே பம்பரில் கட்டினால் கருவேல முள் பிய்த்துவிடும் என்று எங்கள் பக்கத்துக் கரி வண்டிக்காரர்கள் சிலர் உள்ளே கட்டுவார்கள். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பலகையில் எழுதியிருக்கிறதே என்று, கயிற்றில் கை படாமல் சுற்றி வளைத்து ஆயிலை ஊற்றினேன். எவ்வளவு பக்தி.

பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. இருளாண்டியிடம் சாவியைக் கொடுத்து, "பூசாரிக்குச் சொல்லிரு, நான் முந்திக்கிட்டேன்னு" என்றேன்.

பத்து நாளில் வண்டி திரும்ப வந்தது. இந்த முறை முதலாளியும் கூட வந்திருந்தார். அதே வீல், அதே சத்தம். கழற்றினால் பல் முன்பைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. முழு வளையத்தையும் மாற்றி, முன்போலவே இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தேன், சத்தம் நின்றது.

"புது வண்டியில ஏன் மேஸ்திரி இப்பிடித் தேயுது?" என்றார் பெருமாள்சாமி.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை ஹெட் மெக்கானிக் ஆனதிலிருந்து நான் உச்சரித்ததே இல்லை. "தார் ரோட்டுல நாலு வீல் போட்டு ஓட்டுனா தேயும்" என்றேன்.

முதலாளி திரும்பினார். "ஏலே இருளாண்டி, ரோட்டுல போட்டு ஓட்டுனியா?"

"இல்ல மொதலாளி. கரிக்காட்டுக்குள்ள எறங்கும்போதுதான் போடுவேன். மேல ஏறுனதும் எடுத்துருவேன். சாமி சத்தியமா."

"அப்ப மேஸ்திரி பொய் சொல்றாரா?"

இருளாண்டி என்னைப் பார்த்தார். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னத எழுதுனீகளா?" என்று கேட்டார்.

"எழுதியாச்சுப்பா" என்றேன்.

முதலாளி எழுத்தில் கேட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். கார்டில் அழகாக எழுதிக் கொடுத்தேன்: "நாலு வீல் தவறாகப் பயன்படுத்தியதால் பல் தேய்மானம். ஓட்டுநர் கவனக்குறைவு." மூன்று வார்த்தைக்கு மேல் அந்த வாரம் நான் எழுதிய ஒரே கார்டு அதுதான். பெருமாள்சாமி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே கையை நீட்டிச் சாவியை வாங்கிவிட்டார். இருளாண்டி கேபினில் ஏறி டிபன் தூக்கையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்தார். பிறகு திரும்ப ஏறி, சீட்டில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நான் அடுத்த வண்டிக்குப் போனேன்.

ஊர் சின்னது. கரிமூட்ட முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். அந்தக் கார்டு எத்தனை கை மாறியதோ, "ஹப்பத் தின்ன டிரைவரு" என்று இருளாண்டிக்குப் பேராகிவிட்டது. யாரும் சாவியைக் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, வண்டி மூன்றாம் முறையாக வந்தது. ஓட்டி வந்தவர் முதலாளியின் அக்கா மகன், பக்கத்து சீட்டில் முதலாளி. நாலு வீல் குமிழைத் தொட்டால் வண்டி வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர், அதைத் தொட்டதே இல்லையாம். அதே வீல், அதே கரகர. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வேறு எதற்காகவும் இல்லை, சார் தன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துகொண்டிருந்தார்.

முதலில் பழைய இரண்டு கார்டின் நகலையும் எடுத்துவரச் சொன்னார். இரண்டாவதை இரண்டு தடவை படித்தார். பிறகு வீலைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, கையால் வீலைச் சுற்றச் சொன்னார். அவர் மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தார். வெள்ளைச் சட்டை தரையில் உரசியது. "ம்" என்றார். ஹப்பைத் திறக்கவே இல்லை. ஹப்பிலிருந்து வெளியே வருகிற ரப்பர் பைப்பை இரண்டு விரலால் பிடித்து, அப்படியே மேலே தடவிக்கொண்டே போனார். பானட்டுக்குள் போய் விரல் நின்றது.

கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது அந்தப் பைப்பைத்தான்.

பைப்பை ஹப் பக்கம் பிடுங்கி ஓட்டையில் என் விரலை வைக்கச் சொன்னார். உறிஞ்சுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பம்ப் பக்கம் பிடுங்கி வைக்கச் சொன்னார். விரல் தோலை உள்ளே இழுத்தது. நடுவில் இருந்தது அந்த மூன்று சுற்று. இன்ஜின் சூட்டில் ரப்பர் இளக, படிகாரக் கட்டியின் கனத்தில் கயிறு இறங்க, பைப் அந்த இடத்தில் ஒடுங்கிப் போயிருந்தது. அப்படியென்றால் நான் கழற்றி மாட்டியபோது ஏன் இரண்டு முறையும் சத்தம் நின்றது? பட்டறையில் இன்ஜினை வெகுநேரம் ஓட விட்டு வைத்தேன் இல்லையா, அந்த நேரத்தில் ஒடுங்கிய பைப் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சல் சேர்ந்து வளையம் விலகியிருக்கிறது. மறுநாள் காலையில் வண்டியை எடுத்தவுடன் பழைய கதைதான். நான் பார்த்த வைத்தியம் எல்லாம் பைபாஸ் வரைக்கும்தான்.

"இத யாரு கட்டுனது?" என்றார் சார்.

"நான்தான் சார், என் கையால. சாமிகிட்ட வச்சு வாங்கிட்டு வந்து கட்டுனேன்" என்றார் பெருமாள்சாமி, பெருமையாக.

"எந்த நாளு?"

"கோயிலுக்குப் போன அன்னைக்குத்தான். வெள்ளிக்கெழம."

சார் விஷயத்தைச் சொன்னார். முதலாளியின் முகம் மாறியது, ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சம்மதிக்கவில்லை. "கட்டுன கயித்த அவுக்கக் கூடாது சார். குடும்பத்துக்கு ஆகாது" என்றார்.

"அவுக்க வேணாம். எடம் மாத்துவோம். சாமி அந்தப் பைப்புலதான் இருப்பேன்னு சொல்லலையே" என்றார் சார்.

முதலாளி யோசித்துச் சம்மதித்தார். ஆனால் அப்போது ராகு காலம். பன்னிரண்டு மணி வரைக்கும் பட்டறையில் அத்தனை பேரும் ஒரு கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றினோம். பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் சூடம் என்பதால், பக்கத்தில் ஒருவன் தீயணைக்கிற சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நின்றான். முதலாளி தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்து, பானட்டின் கீல் கம்பியில் கட்டினார். ஒடுங்கிய துண்டை அறுத்துவிட்டுப் புது பைப் மாட்டினேன். அதற்கு ஆன நேரம் நாலு நிமிஷம். இன்ஜினை ஓட விட்டுக் கையால் வீலைச் சுற்றினேன். சும்மா சுற்றியது.

"பாத்தீகளா! கயித்த மாத்திக் கட்டுனதும் சத்தம் போயிருச்சு. நின்னு பேசுற சாமி சார்" என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இருளாண்டி?" என்றேன்.

"அவன விடுங்க. கார்டுல எழுதிக் குடுத்தது நீங்கதான மேஸ்திரி?" என்றார்.

வண்டி போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டார். "ஓட்டுனவரு ஒண்ணுமே சொல்லலையா ஐயா?"

ஐயா வந்துவிட்டது. "சொன்னாரு சார். கோயிலுக்குப் போன வெள்ளிக்கெழமையில இருந்துதான் சத்தம்னு சொன்னாரு."

"எங்க எழுதியிருக்கு?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "போயிச் சொல்லிட்டு வாங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்.

புது கார்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி, சாரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். திருச்சுழி தாண்டி ஒரு கரிமூட்டத்தில் இருளாண்டி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முகம், கழுத்து, கை எல்லாம் கரி. ஸ்டீரிங்கில் உட்கார்ந்த மனிதர் திரும்ப லோடுமேன் ஆகியிருந்தார். தலையில் சும்மாடு கட்டியிருந்தது. அது வெள்ளைத் துண்டாக இருந்தது என்று, நுனியில் மிச்சமிருந்த கொஞ்சம் வெள்ளையை வைத்துத்தான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்லிக் கார்டை நீட்டினேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். கார்டை வாங்கவில்லை, கையில் கரி என்று சொன்னார்.

"எனக்குப் பேப்பரு வேணாம்ணே. பேப்பராலயா எனக்கு வேல போச்சு? நீங்க அன்னைக்கு டீக்கடையில நாலு பேருக்கு முன்னால சிரிச்சீகள்ல, அதுலதான் போச்சு. நான் சொன்னது யாரு காதுலயும் ஏறாமப் போச்சு. அதே கடையில, அதே நாலு பேருக்கு முன்னால, நான் சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

"அதுக்கென்னப்பா, சொல்றேன்" என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்.

அடுத்த சந்தை நாள் அவர் வந்தார். குளித்து, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். டீக்கடையில் மாஸ்டர் இருந்தார், எங்கள் ஆட்கள் இருந்தார்கள், லாரி டிரைவர்கூட இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்: "கேட்டீகளா, நம்ம இருளாண்டி சொன்னது சரியாப் போச்சுப்பா. நெசமாவே சாமி குத்தந்தான்!"

கடை சிரித்தது. முன்னைவிடப் பலமாகச் சிரித்தது. இருளாண்டி சிரிக்கவில்லை. பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு, "வாரேன்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன்.

ஆறு மாதம் மூட்டை தூக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூட வேன் கிடைத்தது, என் கார்டால் இல்லை, அவரே அலைந்து தேடியதால். இப்போதும் எப்போதாவது மதுரை ரோட்டில் அந்த வேன் எதிரே வரும். சீட்டில் வெள்ளைத் துண்டு கிடக்கும். என்னைக் கண்டால் தலையை லேசாக அசைப்பார், வேகம் குறைக்க மாட்டார்.

இந்த குரூப்பில் அன்றைக்கு டீக்கடையில் இருந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். டீ மாஸ்டரின் மகனும் இப்போது நம் ஸ்டோரில் வேலை பார்க்கிறான், அப்பாவுக்குப் படித்துக் காட்டுவான். அதனால் டிப்ஸ் கேட்ட மேனேஜருக்கு இதோ டிப்ஸ்: இனிமேல் எனக்கு வீலின் சத்தத்தை அனுப்பாதீர்கள். ஓட்டி வந்தவர் என்ன சொன்னார் என்பதை, அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல் அனுப்புங்கள்.

இருளாண்டி சொன்னது சரி. தார் ரோட்டில் அவர் நாலு வீல் போடவில்லை. அவர் சொன்னதை நான் எழுதவில்லை, எழுதியதாகப் பொய் சொன்னேன். ஓட்டுநர் கவனக்குறைவு என்று நான் எழுதியது தப்பு.

இதற்கு யாரும் சிரிக்கிற பொம்மை போடாதீர்கள்.